தனியா திரியற ஹீரோ ஏன் கடைசில முதுகக் காட்டிட்டே போறான்?

கடைசி_வரிசை:
ஸ்பாய்லர் நிறைய வரும், முக்கால்வாசி பழைய படங்க, அதனால சண்டைக்கு வராதீங்க.

ஊர் பேர் தெரியாத ஒருத்தன் வர்றான், ஊர்ல இருக்கற பிரச்சனைய தீக்கறான், கிளம்பிப் போயிடறான். இந்த ஒத்த வரிய வச்சே சினிமா இத்தன வருஷம் பொழப்ப ஓட்டிருக்கு. என் கேள்வி அவன் ஏன் வர்றான்ங்கறது இல்ல, ஏன் போறான்ங்கறதுதான். வழக்கமா நாம என்ன சொல்லுவோம், அவன் யாருக்கும் கட்டுப்படாதவன், ஒரு எடத்துல நிக்க மாட்டான், சுதந்திரப் பறவை அது இதுன்னு. எனக்கு இது சுத்தப் பொய்னு தோணுது. அவனா போகல, அனுப்பி வைக்கறாங்க, ஆனா அவனே போற மாதிரி படம் எடுத்துக் காட்டறாங்க.

ஜான் ஃபோர்டோட 'தி சர்ச்சர்ஸ்' (1956) எடுத்துக்கங்க. ஆரம்பத்துல இருட்டான வீட்டுக்குள்ள இருந்து ஒரு கதவு தெறக்குது, வெளிய பாலைவனம், தூரத்துல குதிரைல ஒருத்தன் வர்றான். கடைசி ஷாட்டும் அதே மாதிரி வீட்டுக்குள்ள இருந்துதான். தூக்கிட்டுப் போன பொண்ண வருஷக்கணக்கா தேடி மீட்டுக் கொண்டாந்து விட்டாச்சு, ஒவ்வொருத்தரா ஜான் வெயின தாண்டி உள்ள போறாங்க, அவன் மட்டும் வாசல்ல நிக்கறான், வலது முழங்கைய இடது கையால புடிச்சிக்கிட்டு, அப்புறம் திரும்பி நடக்கறான், கதவு மூடிக்குது. அவன உள்ள வாப்பான்னு ஒரு ஜீவன் கூப்பிடலங்கறத கவனிச்சீங்களா? கூப்பிடவும் முடியாது, ஏன்னா எந்த வெறியோட அந்தப் பொண்ண தேடி அலைஞ்சானோ அந்த வெறிய வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு யாரும் தூங்க முடியாது. நடுவுல ஒரு சீன் வரும், செத்துக் கெடக்கற கொமான்சி (அமெரிக்கப் பழங்குடி) ஒருத்தனோட கண்ணுல சுடுவான், கண்ணு இல்லன்னா அவங்க நம்பிக்கைப்படி ஆவி ஒலகத்துக்குள்ள நுழைய முடியாம காத்தோட அலையணும்னு சொல்லிட்டு. கடைசில அப்படி அலையப் போறது யாருன்னு பாத்தா இவனேதான்.

'ஷேன்' (1953) படத்துலயும் இதே கதைதான். சின்னப் பையன் கத்திக் கூப்பிடுவான், அதனால நமக்கு அது பாசக் காட்சியா பதிஞ்சுடுச்சு. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி ஷேன் என்ன சொல்றான்? பள்ளத்தாக்குல இனிமே துப்பாக்கி இல்லன்னு அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்கறான். மிச்சமிருக்கற கடைசி துப்பாக்கி அவன் இடுப்புலதான இருக்கு, அப்ப அந்த வார்த்தை உண்மையாகணும்னா அவன் போயே ஆகணும்.

உங்க கருத்து?

அரை_டிக்கெட்:
பாஸ் இவ்ளோ யோசிக்க வேணாம். கல்யாணம் பண்ணி வீட்ல உக்கார வச்சிட்டா பார்ட் 2 எப்படி எடுப்பாங்க

சரி சீரியஸா ஒண்ணு. குரசோவாவோட 'யோஜிம்போ' (1961) உங்க கணக்குல எங்க வருது? அதுல ஆளு நாலு ரோடு சேர்ற எடத்துல ஒரு குச்சிய தூக்கி மேல போடுவான், அது எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் நடப்பான், அவ்ளோதான் அவனோட லட்சியம். பேர் என்னன்னு கேட்டா வெளிய தெரியற மல்பெரி தோட்டத்தப் பாத்து ஒரு பேர அங்கயே உருட்டிச் சொல்லுவான். படம் முடியறப்ப ரெண்டு கோஷ்டியும் காலி, ஊரே பொணக்காடு. அனுப்பி வைக்கறதுக்கு அங்க ஆளே மிச்சம் இல்லையே தல.

கடைசி_வரிசை:
அரை டிக்கெட், நல்ல எடத்துல புடிச்சீங்க. யோஜிம்போல அவன யாரும் அனுப்பல, ஒத்துக்கறேன். ஆனா அதுல அவன் மனுஷனாவே இல்லங்கறது என் எண்ணம், ஊர் மேல விழுந்த ஒரு இடி. செர்ஜியோ லியோனே அதையே அப்படியே தூக்கி 1964ல கிளின்ட் ஈஸ்ட்வுட வச்சு 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தாரு, உரிமை வாங்காம எடுத்ததால யோஜிம்போ தயாரிப்பு தரப்பு கேஸ் போட்டு உலக வசூல்ல 15 சதவீதம் வாங்குனது தனிக்கதை. நான் சொல்ல வர்றது, அந்தக் கதைய ஜப்பான்ல இருந்து தூக்கி அமெரிக்க எல்லை ஊர்ல வச்சாலும் ஒரு திருகாணி கூட மாத்த வேண்டி வரல பாருங்க. எந்த ஊருக்கும் சொந்தம் இல்லாத ஆளுங்கறதாலதான் எந்த ஊருக்கும் பொருந்தறான்.

ரீல்_பெட்டி:
நீங்க ரெண்டு பேரும் கத்தி துப்பாக்கி வச்சிருக்கறவங்கள மட்டுமே பேசிட்டு இருக்கீங்க. ஊர் சுத்தறவன்னா கொலைகாரன்னு யார் சொன்னது.

ஜப்பான்லயே டோரா-சான்னு ஒரு ஆளு இருக்காரு, யாமாடா யோஜி உருவாக்குன கேரக்டர், கியோஷி அட்சுமி நடிச்சாரு. 1969ல ஆரம்பிச்சு 1995 வரைக்கும் 48 படம், எல்லாத்துலயும் ஒரே ஆளு, ஒரே நடிகர். ஊர் ஊரா போய் திருவிழால சாமான் விக்கறவரு. படம் தவறாம என்ன நடக்கும்னா, டோக்கியோல ஷிபாமட்டாங்கற எடத்துல இருக்கற வீட்டுக்கு வருவாரு, தங்கச்சி சகுரா சந்தோஷப்படும், பத்து நிமிஷத்துல எல்லாரோடவும் சண்டை, ஒரு பொண்ணு மேல காதல், அது கைகூடாது, பெட்டிய தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு. ஜனங்க அதையே 26 வருஷம் பாத்தாங்க.

இதுல எனக்குப் புடிச்ச தகவல் ஒண்ணு, சினிமாவுக்கு முன்னாடி இது டிவி தொடரா வந்தது, அதோட கடைசில டோராவ பாம்பு கடிச்சு சாவடிச்சிட்டாங்க, பாத்தவங்க கோவப்பட்டு டிவிக்காரங்கள ஒரு வழி பண்ணிட்டாங்க, அதுக்கப்புறம்தான் படமே வந்தது. அதாவது அவரு வீட்ல தங்காம இருக்கலாம், ஆனா சாகக் கூடாது, எங்கயோ ரோட்டுல நடந்துட்டே இருக்கணும், அது மட்டும் தெரிஞ்சா போதும் ஜனங்களுக்கு.

அதனால கடைசி வரிசை சொல்ற 'அனுப்பி வைக்கறாங்க' தியரி இங்க நிக்காது. டோராவுக்கு கதவு எப்பவும் தெறந்துதான் இருக்கு, மாடில ரூமும் இருக்கு. தாங்க முடியாம ஓடறது அவருதான்.

மழைக்குருவி:
இழைய மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன். ஜான் வெயின், ஷேன், யோஜிம்போல நடிச்ச மிஃபூனே, ஈஸ்ட்வுட், டோரா. ஒரு பொண்ணு பேர் வரல. வாசல்ல நின்னு பாக்கறதுக்கு மட்டும் பொண்ணுங்க வந்துட்டாங்க, பரவால்ல.

இதே கதைய பொண்ண வச்சு எடுத்தா என்ன ஆகும்னு அனியெஸ் வார்தா 1985லயே எடுத்துக் காட்டிட்டாங்க, 'வாகபாண்ட்', வெனிஸ் பட விழாவோட பெரிய விருதான தங்கச் சிங்கம் வாங்குன படம். முதல் காட்சியே குளிர்காலம், திராட்சைத் தோட்டத்துப் பக்கத்துல பள்ளத்துல ஒரு பொண்ணோட பொணம், வெறச்சுப் போய்க் கெடக்குது. மோனா, சாந்த்ரீன் பொன்னேர் நடிச்சது, அப்ப அவங்களுக்கு இருபது வயசு கூட ஆகல. அப்புறம் படம் பூரா அவள வழியில பாத்தவங்க ஒவ்வொருத்தரா அவளப் பத்திப் பேசறாங்க. ஒருத்திக்கு அவ சுதந்திரத்தப் பாத்து பொறாமை, ஒருத்தருக்கு அவ மேல அடிச்ச நாத்தம்தான் ஞாபகம், ஒருத்தன் பொய் சொல்றான். எல்லாரும் பேசி முடிச்சதுக்கப்புறமும் நமக்கு அவளப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஏன் கிளம்புனா, யார விட்டுட்டு வந்தா, வீடு எங்க, எதுவும் சரியா கிடையாது.

இதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆம்பள ஒருத்தன் கடந்த காலம் இல்லாம வந்தா அதுக்குப் பேரு மர்மம், கெத்து. பொண்ணு வந்தா விசாரணை. படத்தோட வடிவமே விசாரணைதான், பொணத்த வச்சு ஆரம்பிக்குது. ரெண்டு, ஈஸ்ட்வுட் எத்தன நாள் குளிக்கலன்னு எவனாவது கேட்டிருக்கானா? மோனாவப் பத்திப் பேசற முக்காவாசிப் பேரு அதத்தான் மொதல்ல சொல்றாங்க.

கடைசி வரிசைக்கு ஒரு கேள்வி. உங்க தியரிப்படி அவன் வேலைய முடிச்சதும் அனுப்பிடறாங்க. மோனா யாருக்கும் எந்த வேலையும் முடிச்சுக் குடுக்கல, யாரையும் காப்பாத்தல, திருப்பி நன்றி கூட சொல்ல மாட்டா. ஆடு மேய்க்கற ஒரு தம்பதி, அந்தாளு தத்துவம் படிச்சிட்டு பட்டணத்த விட்டு வந்தவரு, அவளுக்கு ஒரு கேரவனும் கொஞ்சம் நெலமும் குடுத்து பயிர் வச்சிக்கோன்னு சொல்றாங்க. அவ இழுத்துப் போத்திட்டுத் தூங்கறா. அவரே சொல்றாரு, ரோட்டுலயே இருந்த என் சிநேகிதங்க எல்லாம் ஒண்ணு குடிச்சு அழிஞ்சாங்க, இல்ல தனிமையே அவங்கள தின்னுடுச்சுன்னு. அப்ப இவ எந்தக் கணக்குல வருவா?

கடைசி_வரிசை:
மழைக்குருவி, இதுக்கு உடனே பதில் சொல்ல மாட்டேன், படத்த மறுபடியும் ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்.

அரை_டிக்கெட்:
ஆள அனுப்பி வச்சிட்டாங்கப்பா 😂

சவுண்ட்_பாக்ஸ்:
எல்லாரும் கதையப் பேசறீங்க, நான் கொஞ்சம் வேலையப் பத்திப் பேசறேன். தனியா இருக்கறவன படம் புடிக்கறதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு, கேமரா அங்க இருந்தா அவன் தனியா இல்ல. நாம கூடவே இருக்கோம். எழுத்துல இந்தப் பிரச்சனை கம்மி, அவன் மண்டைக்குள்ளயே போய் உக்காந்துக்கலாம். சினிமால அவன் வாயத் தெறக்கலன்னா என்ன நினைக்கறான்னு தெரியாது, தெறந்தா தனிமை போச்சு. அதனால டைரக்டருங்க ஏதாவது குறுக்கு வழி கண்டுபுடிச்சே ஆகணும். நாய் வளக்க விடுவாங்க, டைரி எழுத விடுவாங்க, பின்னணில குரல் குடுப்பாங்க.

'காஸ்ட் அவே' (2000) எல்லாரும் பாத்திருப்பீங்க. வாலிபால் பந்துக்கு மூஞ்சி வரைஞ்சு அதுகிட்ட பேசறது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா தீவுல இருக்கற வரைக்கும் படத்துல பின்னணி இசையே கிடையாதுங்கறத எத்தன பேர் கவனிச்சீங்க? அலை, காத்து, தேங்கா விழற சத்தம், அவ்ளோதான். தெப்பத்துல அலைய தாண்டி வெளிய போய் திரும்பி தீவப் பாக்கறப்பதான் மொத மொதல்ல இசை வருது. அது வரைக்கும் நமக்கு எப்படி உணரணும்னு சொல்லிக் குடுக்கக் கூட ஆள் இல்ல. அந்த பந்த விட எனக்கு இதுதான் தனிமை.

இன்னொன்னு 'டாக்ஸி டிரைவர்' (1976). டிராவிஸ் ஒரு நடைபாதைல போன்ல அந்தப் பொண்ணுகிட்ட கெஞ்சிட்டு இருப்பான், அவ வேணாம்னு சொல்லிட்டு இருக்கா, நமக்கு அவ குரல் கூட கேக்காது. திடீர்னு கேமரா அவன விட்டுட்டு மெதுவா பக்கத்துல நகந்து காலியா கெடக்கற காரிடாரப் பாத்து நின்னுக்குது. அவன் பேச்சு மட்டும் கேக்குது. அதாவது அந்த அவமானத்தப் பாக்க கேமராவுக்கே சங்கடமா இருக்கு. மேல நான் சொன்ன சிக்கலுக்கு இத விட நல்ல பதில் கிடையாது, கூட இருந்த ஒரே ஆளும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அப்பதான் அவன் நெசமாவே தனி.

வாகபாண்ட் பேச்சு வந்ததால அதையும் சொல்லிடறேன். மோனா நடக்கறப்ப கேமராவும் பக்கவாட்டுல கூடவே வரும், எல்லாமே வலதுல இருந்து இடது, நாம படிக்கற திசைக்கு எதிரா. பல எடத்துல அவள ஃப்ரேம விட்டு வெளிய போக விட்டுட்டு கேமரா ஏதோ ஒரு சுவத்துலயோ பழைய மெஷின்லயோ போய் நின்னுக்கும். அவளுக்காக நிக்காது, அவளத் தொரத்தவும் செய்யாது.

ரீல்_பெட்டி:
சவுண்ட் பாக்ஸ், அருமை. டாக்ஸி டிரைவர் எழுதுன பால் ஷ்ரேடருக்கு தி சர்ச்சர்ஸ் மேல எவ்ளோ பைத்தியம்னு ஊருக்கே தெரியும். அத மனசுல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே கதை. போர்ல இருந்து வந்தவன், ஒரு சின்னப் பொண்ண 'காப்பாத்தணும்'னு வெறி, அந்தப் பொண்ணுக்கு காப்பாத்தப்படணும்னு ஆசை இருக்கான்னு ரெண்டு பேருமே கேக்கல. ரத்தக்களறி. பொண்ணு வீட்டுக்குப் போயிடுது. இவன் மறுபடியும் வண்டில.

கடைசி_வரிசை:
அப்படின்னா மூணாவதா ஒரு ஆளையும் சேத்துக்கங்க, அவன் பேரும் டிராவிஸ்தான். விம் வெண்டர்ஸோட 'பாரிஸ், டெக்சாஸ்' (1984).

இதப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதறேன், புடிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க. ஆரம்பத்துல சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தன் பாலைவனத்துல நடந்து வர்றான், தண்ணி தீந்து போச்சு, ரை கூடரோட கிட்டார் மட்டும் இழுத்துட்டே இருக்கு. பாத்தா பழைய வெஸ்டர்ன் ஹீரோ மாதிரியே இருக்கும், குதிரையும் துப்பாக்கியும் மட்டும் இல்ல. ரொம்ப நேரம் வாயே தெறக்க மாட்டான். ஹாரி டீன் ஸ்டான்டன் அதுக்கு முன்னாடி ஏகப்பட்ட படத்துல ஓரமா வந்து போன நடிகர், அம்பது வயசுக்கு மேல கெடச்ச பெரிய வேஷம், அந்த மூஞ்சில இருக்கற பள்ளமே பாதி வசனம்.

போகப் போகத்தான் தெரியுது, அவன் சுதந்திரத்துக்காக அலையல. பொண்டாட்டிய சந்தேகப்பட்டு, கட்டிப் போட்டு வச்சு, அந்தக் குடும்பத்த எரிச்சவன் அவன்தான். அத அவன் சொல்ற எடம் இருக்கே, அவ பேரு ஜேன், காசு குடுத்து பொண்ணுங்கள கண்ணாடி வழியா பாக்கற எடத்துல வேலை பாக்கறா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவ, இவனுக்கு அவ தெரியும், அவளுக்கு இவன் தெரிய மாட்டான், போன்ல பேசணும். பாக்கற வசதி அவனுக்குத்தான் இருக்கு, அவன் என்ன பண்றான்னா நாற்காலியத் திருப்பிப் போட்டு முதுகக் காட்டிட்டு உக்காந்து கதைய சொல்றான். நான் தலைப்புல கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பதில் அந்த முதுகுதான். பாத்துட்டே சொன்னா அது மறுபடியும் அவள அடக்கி வைக்கற மாதிரி ஆயிடும், அது அவனுக்குப் புரிஞ்சிருக்கு.

அப்புறம் மகன அம்மாகிட்ட சேத்து வச்சிட்டு, ஓட்டல் ஜன்னலக் கீழ இருந்து பாத்துட்டு, வண்டிய எடுத்துட்டுப் போயிடறான். ஜான் வெயின் நின்ன அதே வாசல்தான் இது. ஆனா இங்க அவனே கதவ வெளிய இருந்து சாத்தறான். நான் உள்ள வந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவன்.

மழைக்குருவி உங்க கேள்விக்கு இது முழு பதில் இல்ல. மோனா இந்தக் கோட்டுல வரவே மாட்டா. அவ யாருக்கும் எதுவும் செய்யாததாலதான் அவளுக்குன்னு ஒரு கடைசி ஷாட் கூட கெளம்பிப் போற மாதிரி கெடைக்கல. நம்ம ஹீரோங்க முதுகக் காட்டிட்டுப் போற உரிமைய ஏதோ ஒண்ண குடுத்து வாங்கறாங்க.

மழைக்குருவி:
'உரிமைய வாங்கறாங்க', இத நான் ஏத்துக்கறேன். ஆனா பாரிஸ் டெக்சாஸ்ல எனக்கு ஒரு உறுத்தல் எப்பவும் உண்டு. அவன் போனது தியாகம்னு படம் பாடுது, சரி. விட்டுட்டுப் போனது யார் தலைல? அத்தன வருஷம் அந்தப் பையன வளத்த சித்தப்பா சித்தி வீட்ல என்ன நடக்குதுன்னு படம் கண்டுக்கவே இல்ல, அந்தச் சித்தி அழுததோட சரி. ஜேன் அந்த வேலைல இருந்துக்கிட்டு திடீர்னு ஒரு புள்ளைய வளக்கணும். இவன் மட்டும் அழகான பச்சை வெளிச்சத்துல வண்டி ஓட்டிட்டுப் போறான். ராபி ம்யூலர் ஒளிப்பதிவு நல்லா இருக்குங்கறதால நாம மன்னிச்சிட்டோம்.

ரீல்_பெட்டி:
அடேங்கப்பா. அடுத்த தடவ அந்தப் படத்த நிம்மதியா பாக்க முடியாது போலயே.

திண்ணை_தூங்கி:
லேட்டா வந்தேன். பொண்ணுங்கன்னு பேச்சு வந்துட்டு 'நோமட்லேண்ட்' (2020) பேர யாரும் எடுக்கலையே? வாகபாண்டுக்கு 35 வருஷம் கழிச்சு அதே வெனிஸ்ல அதே தங்கச் சிங்கம், அதுக்கப்புறம் சிறந்த படம், இயக்குனர், நடிகைன்னு ஆஸ்கர். நெவாடால எம்பயர்னு ஒரு ஊர், ஜிப்சம் கம்பெனிய நம்பி இருந்த ஊர், 2011ல கம்பெனிய மூடுனதும் ஊரே காலி, அஞ்சல் குறியீட்டு எண்ணையே எடுத்துட்டாங்க. அங்க இருந்த ஃபெர்ன் வேன்ல வாழ்க்கை நடத்தறா. அவளச் சுத்தி வர்றவங்க பல பேரு நெசமாவே வேன்ல வாழறவங்க, தங்களாவே நடிச்சிருக்காங்க. கடைசிப் பக்கம் காலியான பழைய வீட்டுக்குள்ள நடந்து பின்வாசல் வழியா வெட்டவெளிக்குப் போவா, கேமரா உள்ள நிக்கும். கடைசி வரிசை, உங்க கதவு ஷாட்டேதான்.

ஆனா ஒரு வித்தியாசம், அங்க கதவ மூட உள்ள யாரும் இல்ல.

அரை_டிக்கெட்:
அந்தப் படம் எனக்கு ஒத்துக்கல. சூரியன் சாயற நேரத்துல பியானோ போட்டா வறுமை கூட டூரிஸம் ஆயிடுது. வயசான காலத்துல கிடங்குல பார்சல் கட்டற வேலை, அத படத்துல ஏதோ காலேஜ் கேம்ப் மாதிரி காட்டிட்டாங்க. படத்துக்கு மூலமான புத்தகத்துல அந்த வேலையோட வலி நெறைய இருக்கு, படத்துல எங்க போச்சு? இது நான் மட்டும் சொல்றது இல்ல, படம் வந்தப்பவே நெறைய பேர் கேட்டாங்க.

திண்ணை_தூங்கி:
கேட்டாங்கதான். ஆனா ஃபெர்னுக்கு வீடு கெடைக்காம இல்லையே, தங்கச்சி கூப்பிடறா, சிநேகிதன் டேவ் கூப்பிடறான், ரூம் ரெடியா இருக்கு, மெத்தைல படுத்துப் பாத்துட்டு எழுந்து போய் வேன்ல தூங்கறா. வேலைய எடுத்தது கம்பெனி, ஆனா வேன்ல இருக்கறது அவ முடிவு. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்குங்கறதுதான் படமே. நீங்க சொல்றபடி எடுத்திருந்தா அது செய்தி அறிக்கை.

மழைக்குருவி:
ரெண்டு பேரும் சண்ட போடறதுக்கு முன்னாடி கெல்லி ரைக்கார்டோட 'வெண்டி அண்ட் லூசி' (2008) பாருங்க. அதுல சூரியனும் சாயாது பியானோவும் வராது. வேலை தேடி அலாஸ்கா போற பொண்ணு, கூட ஒரு நாய், வழியில கார் நின்னு போகுது. நோட்டுல காசு கணக்கு எழுதிட்டே இருப்பா. நாய்க்கு சாப்பாடு திருடி மாட்டிக்கறா, வர்றதுக்குள்ள நாயக் காணோம். கடைசில நாய் ஒரு நல்ல வீட்ல இருக்கறது தெரியுது, தோட்டம் இருக்கு, வேலி இருக்கு, அத அங்கயே விட்டுட்டு சரக்கு ரயில் ஏறிடறா. கடைசி வரிசையோட அதே மூணு ஆளு கதைதான், காப்பாத்தி வீடு சேத்துட்டு வெளிய நிக்கறது. ஆனா பாக்கறப்ப அது வீரமாவும் இல்ல தியாகமாவும் இல்ல, கைல காசில்ல அவ்ளோதான். சுதந்திரமா அலையறதுக்கும் வேற வழி இல்லாம அலையறதுக்கும் நடுவுல இருக்கறது பல நேரத்துல ரிப்பேர் செலவுதான்.

கடைசி_வரிசை:
இந்த வெண்டி அண்ட் லூசிய நான் யோசிக்கவே இல்ல. இப்ப பாத்தா அனுப்பி வைக்கறது ஊராத்தான் இருக்கணும்னு இல்ல, காலிப் பர்ஸும் அதே வேலையச் செய்யும்.

சவுண்ட்_பாக்ஸ்:
நம்ம தமிழ்ப் படத்துக்கு யாரும் வரவே இல்லையே, நானே வர்றேன். நம்ம ஊர் சினிமால தனியா நடந்து போறவன் அமைதியா போனதே கிடையாது, பாட்டு வந்துடும். 'பாலும் பழமும்' (1961) படத்துல 'போனால் போகட்டும் போடா' எடுத்துக்கங்க, சிவாஜி தனியா நடக்கறாரு, ஆனா டி.எம்.எஸ். குரலும் கண்ணதாசன் வரியும் கூடவே வருது, ஊருக்கே கேக்கற மாதிரி. அதுல தனிமை ஒரு ஆளோட சொந்த விஷயமா இல்லாம எல்லாருக்கும் பொதுவான தத்துவமா ஆயிடுது. இது குறைன்னு சொல்லல. வெள்ளைக்காரன் படத்துல கேமரா மூஞ்சியத் திருப்பிக்கும், நம்ம படத்துல யாரோ ஒருத்தர் பாடிட்டு கூட வருவாரு. காஸ்ட் அவேக்கு நேர் எதிர்.

ரீல்_பெட்டி:
சூப்பர். ஆனா எல்லாமே அப்படி இல்ல. 'பிதாமகன்' (2003) விக்ரம்? சுடுகாட்டுல வளந்தவன், பேச்சே கிடையாது, கடைசில வந்த வேலைய முடிச்சிட்டு நடந்து போயிடுவான், யோஜிம்போ மாதிரியே. அதே வருஷம் வந்த 'அன்பே சிவம்'ல நல்லசிவம் லெட்டர் எழுதி வச்சிட்டுக் கிளம்பறாரு. அந்தாளுக்கு அன்பரசு வீட்ல எடம் இருக்கு, தம்பியா ஏத்துக்கிட்டவன், இருந்தும் போறாரு. கடைசி வரிசை தியரிக்கு இது எந்தப் பக்கம்?

கடைசி_வரிசை:
அன்பே சிவம் பாரிஸ் டெக்சாஸ் பக்கம். அங்க அவரு தங்குனா அன்பரசோட கல்யாணம் நடக்காது, அவருக்குத் தெரியும்.

எனக்கு அத விட 'கடைசி விவசாயி' (2022) ராமையாதான் முக்கியம். விஜய் சேதுபதி பை மேல பையா மாட்டிட்டு ஊர் ஊரா கோயில் கோயிலா திரிவாரு, செத்துப் போன காதலி பக்கத்துலயே இருக்கற மாதிரி பேசிட்டு. பாக்கற நமக்குத்தான் அவரு தனி ஆளு, அவரு கணக்குல ரெண்டு பேரு போய்ட்டு இருக்காங்க. ஊர்க்காரங்க அவர துரத்தவும் இல்ல, கட்டிப் போடவும் இல்ல, வந்தா சோறு. மேல பேசுன அத்தன படத்துலயும் அந்த மாதிரி ஒரு ஊரு இல்ல.

மழைக்குருவி:
ராமையா பொண்ணா இருந்தா?

கடைசி_வரிசை:
விட மாட்டீங்க போல. ஊரு அப்படி விட்டிருக்காது, தெரியும்.

திண்ணை_தூங்கி:
இன்னொரு கேள்வி. தனிமைன்னா அலையணுமா? 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) ஹிராயாமா எங்கயும் போகல. டோக்கியோல கழிப்பறை சுத்தம் பண்றாரு, ஒரே ரூம், ஒரே பார்க், மரத்தடில ஒரே பெஞ்சு, கேசட்ல பாட்டு. எடுத்தது அதே வெண்டர்ஸ், கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சு. வாலிபத்துல ரோட்டுலயே சுத்துன டைரக்டரு வயசானதும் ஒரே எடத்துல ஆள உக்கார வச்சிட்டாரு.

அரை_டிக்கெட்:
அந்தப் படமும் டூரிஸம்தான் 🙂 அவ்ளோ சுத்தமான கழிப்பறைய ஏன் சுத்தம் பண்றாருன்னே புரியல

மழைக்குருவி:
இதுல அரை டிக்கெட் பக்கம் நான். தங்கச்சி டிரைவர் வச்ச கார்ல வந்து எறங்கறப்பவே தெரிஞ்சு போச்சு, பணக்கார வீட்ட விட்டு வந்தவரு. வேணும்னு எளிமைய எடுத்துக்கிட்டவரு. வெண்டிக்கு அந்த வசதி இல்ல. ஆனா கடைசில கார் ஓட்டிட்டே போறப்ப அந்த மூஞ்சில சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வரும் பாருங்க, யாகுஷோவுக்கு கேன்ஸ்ல சும்மா விருது குடுக்கல. வழக்கமா முதுகக் காட்டிட்டுப் போற எடத்துல இங்க மூஞ்சிய வச்சிட்டாங்க, நேரா, ரொம்ப நேரம், தப்பிக்க விடாம.

கடைசி_வரிசை:
தலைப்ப மாத்தணும் போல.

ரீல்_பெட்டி:
வெண்டர்ஸ் பேச்சு போயிட்டு இருக்கறதால என் பேருக்கு ஏத்த படத்த சொல்லாம போக முடியாது. 'கிங்ஸ் ஆஃப் தி ரோட்' (1976). ப்ரூனோங்கறவன் ஒரு லாரில வாழறான், ஜெர்மனி ரெண்டா இருந்த காலத்துல எல்லை ஓரமா இருக்கற சின்னச் சின்ன தியேட்டருக்குப் போய் புரொஜக்டர் ரிப்பேர் பண்றது வேலை. கருப்பு வெள்ளை, மூணு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் கம்மி, முழு ஸ்கிரிப்ட் இல்லாம அந்த ரோட்டுலயே போய்ப் போய் எடுத்தது. கூட வந்து ஒட்டிக்கற ஒருத்தன், பொண்டாட்டிய பிரிஞ்ச வேகத்துல காரக் கொண்டு போய் ஆத்துல விட்டவன். ரெண்டு பேரும் பல நேரம் பேசிக்கறதே இல்ல. கடைசிப் பக்கம் ஒரு தியேட்டர்க்காரம்மா சொல்லும், இப்ப வர்ற மாதிரி படத்த ஓட்டறதுக்கு மூடியே வச்சிருக்கலாம்னு, ஆனா மெஷின மட்டும் சரியா வச்சிருக்கும், நல்ல காலம் வந்தா ஓட்டணும்ல.

அரை_டிக்கெட்:
மூணு மணி நேரம் பேசிக்காம இருக்கற படமா. பாப்கார்ன் சத்தம் கூட போட முடியாதே

சவுண்ட்_பாக்ஸ்:
நல்ல பிரிண்ட்ல பாருங்க, சிஸ்டம்ல பாக்காதீங்க. வாகபாண்டும் அப்படித்தான், சீரமைச்ச பிரிண்ட் இருக்கு, பழைய மங்கலான காப்பில அந்தக் குளிர் தெரியாது. ஹெட்போன் போட்டுக்கோங்க, அவ பூட்ஸ் சத்தம் ஒவ்வொரு தரைக்கும் மாறும்.

திண்ணை_தூங்கி:
மொதல்ல எத பாக்கறது, வாகபாண்டா வெண்டி அண்ட் லூசியா?

மழைக்குருவி:
வெண்டி. ஒண்ணே கால் மணி நேரம்தான் வரும், தூங்கிட மாட்டீங்க.